வாயும் வயிறும் வேறு: இரண்டு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவளின் விமர்சனம்

போன மாதம் எங்கள் அலுவலகக் கணக்கர் இரண்டு பில்லை ஒரே கிளிப்பில் மாட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் ஒரே கேள்வி: ‘ஏன் இரண்டு?’

இரண்டும் சங்கச் சந்தா. ஒன்று ஆர்எஸ்விபி (ஓய்வு பெற்றவர்களும் முதியவர்களும் தொண்டு செய்யும் திட்டம்) திட்ட இயக்குநர்கள் சங்கத்துக்கு, மற்றது ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்ட் (முதியவர்கள் குழந்தைகளுக்குத் துணை நிற்கும் திட்டம்) திட்ட இயக்குநர்கள் சங்கத்துக்கு. இரண்டு திட்டமும் ஒரே அமெரிக்க அரசு நிறுவனத்தின் பணத்தில் ஓடுகின்றன, இரண்டிலும் இருப்பவர்கள் 55 வயது தாண்டிய தொண்டர்கள், இரண்டுக்கும் எங்கள் அலுவலகத்தில் இயக்குநர் என்று இருப்பது நான் ஒருத்திதான். கணக்கர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு நான் சொன்ன பதில் அரைமணி நேரம் நீண்டது, பாவம், கையில் இருந்த காபி ஆறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மிக்ஸிக்கும் மெஸ்ஸுக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள், காசு கொடுத்து வாங்குகிற சங்க உறுப்பினர் பதவிக்கு ஒரு விமர்சனம் எழுதினால் என்ன?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சின்ன கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஏழைகளுக்கான உதவித் திட்டங்களை நடத்தும் ஒரு அமைப்பில் பதினோரு வருடமாக வேலை. மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு என் வேலை இன்றுவரை பிடிபடவில்லை. “வயசானவங்களுக்கு வேலை வாங்கித் தர்றியா, இல்ல அவங்ககிட்ட வேலை வாங்குறியா?” என்று ஒருநாள் போனில் கேட்டார். யோசித்துப் பார்த்தால் இந்தத் திட்டங்களைப் பற்றி இதைவிடக் கச்சிதமாக யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஒரு திட்டத்துக்கு முதல் பாதி பொருந்தும், இன்னொன்றுக்கு இரண்டாவது பாதி பொருந்தும்.

ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்ட் திட்டம் 1965-இல் வந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகப் போர் என்று அறிவித்து ஒவ்வொன்றாகத் தொடங்கிய காலம். கையில் காசில்லாத முதியவர்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், கவனிப்பாரில்லாத குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் கிடைப்பார், அதுதான் எண்ணம். ஆர்எஸ்விபி வேறு வயிற்றில் பிறந்தது. நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் அறுபதுகளில் நடந்த ஒரு சோதனை முயற்சியைப் பார்த்து, 1969-இல் முதியோர் சட்டத்தைத் திருத்தி இடம் கொடுத்து, 1971-இல் நாடெங்கும் கொண்டுவந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி மேலாளர், நர்ஸ் என யார் வேண்டுமானாலும் சேரலாம். வருமான வரம்பு கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. பெட்ரோல் காசு, காப்பீடு, அவ்வளவுதான். மூன்றாவதாக சீனியர் கம்பேனியன், 1973 சட்டத்தில் வந்து 1974-இல் ஓட ஆரம்பித்தது, தனியாக இருக்கும் முதியவருக்கு இன்னொரு முதியவர் துணை. எங்கள் கவுண்டியில் அது இல்லை, அதனால் அதைப் பற்றி நான் அதிகம் பேசுவது நியாயமில்லை.

ஆக்‌ஷன் என்ற நிறுவனத்தின் கீழ் இருந்த இந்த மூன்றையும் 1993-இல் கிளிண்டன் காலத்தில் வந்த புதிய நிறுவனத்தின் கீழ் மாற்றினார்கள், சீனியர் கோர் என்று பெயர் வந்தது, 2020-இல் அது அமெரிகோர் சீனியர்ஸ் ஆனது. பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, உள்ளே மூன்று குடித்தனமும் அப்படியே இருந்தன. பட்ஜெட்டில் இன்றுவரை மூன்றுக்கும் தனித்தனி வரி, கட்டுகிற வரி இல்லை, ஒதுக்கீட்டுப் பட்டியலில் எழுதுகிற வரி. 2023 நிதியாண்டில் ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்டுக்கு ஏறத்தாழ 12.5 கோடி டாலர், சீனியர் கம்பேனியனுக்கு 5.6 கோடி, ஆர்எஸ்விபிக்கு 5.5 கோடி. இந்த மூன்று வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

சரி, திட்டம் அரசுடையது, பணம் அரசுடையது, அப்புறம் எதற்கு இயக்குநர்களுக்குச் சங்கம்? காரணம் எளிது. மத்திய அரசு மானியத்தில் சம்பளம் வாங்கும் நேரத்தில், அந்த மானியத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரிடம் போய்க் கேட்கக்கூடாது. மானியப் பணத்தில் ஒரு தபால்தலை வாங்கி அந்தக் கடிதத்தில் ஒட்டினாலும் தப்பு. அரசு நிறுவனமும் தனக்காக அப்படிப் போய் வாதாட முடியாது. அப்படியானால் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்காக யார் பேசுவது? இயக்குநர்கள் சொந்த விடுப்பு போட்டு, மானியம் சாராத பணத்தில், சங்கம் என்ற பெயரில் போய்ப் பேசுகிறார்கள். என் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதும்போது ஒவ்வொரு வருடமும் சிரிப்பு வரும். மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என் அலுவலக வேலையைக் காப்பாற்றப் போவதுதான் அந்தச் சொந்த வேலை.

கணக்கரின் அடுத்த கேள்வியும் இங்கேதான் வந்தது. சந்தாவை எந்தக் கணக்கில் எழுதுவது? மத்திய அரசின் செலவு விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தொழில்முறைச் சங்கங்களின் சந்தாவை மானியத்தில் எழுதலாம், ஆனால் ஆட்சியாளர்களிடம் ஆதரவு திரட்டுவதே முதன்மை வேலையாக உள்ள சங்கத்தின் சந்தாவை எழுதக்கூடாது. ஒரே சங்கம் பயிற்சியும் கொடுக்கிறது, வாஷிங்டனுக்கும் போகிறது என்றால்? அது எதில் எவ்வளவு செலவு செய்கிறது என்று எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் வம்பே வேண்டாம் என்று இரண்டு சந்தாவையும் உள்ளூர் நன்கொடைப் பணத்தில் கட்டுகிறோம். அந்தப் பணம் மேலே இருந்து வருவதில்லை, வருடா வருடம் கேக் விற்றும் பழைய துணி விற்றும் சேர்ப்பது. அதனால்தான் ‘ஏன் இரண்டு’ என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி பொருளுக்கு வருவோம். இந்தச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

மின்னஞ்சல் குழு. இதுதான் முதல் லாபம், இரண்டு சங்கத்திலும். முன்பு அந்த அரசு நிறுவனத்துக்கு மாநிலத்துக்கு ஒரு அலுவலகம் இருந்தது, சந்தேகம் வந்தால் நம் ஊரைத் தெரிந்த ஒரு அதிகாரிக்குப் போன் போடலாம். 2018-இல் மாநில அலுவலகங்களை மூடி, நாட்டுக்கே எட்டு வட்டார அலுவலகம் என்று மாற்றும் திட்டம் வந்தது, அதன்படியே மூடியும்விட்டார்கள். அதன்பிறகு ஒரு படிவத்தில் சந்தேகம் என்றால் எனக்குப் பதில் வருவது பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொரு இயக்குநரிடமிருந்துதான். கைரேகைச் சோதனை முடியாத தொண்டரைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று காலை எட்டு மணிக்கு நான் கேட்ட கேள்விக்கு எட்டேகாலுக்கு மூன்று பதில் வந்தது, மூன்றும் ‘வேண்டவே வேண்டாம்’. இதற்கே ஒரு சந்தா கொடுக்கலாம்.

ஆனால் குழுவில் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தால், இரண்டு சங்கம் ஏன் என்பதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்ட் குழுவில் எந்நேரமும் உதவித்தொகைப் பேச்சுதான். மணிக்கு 2.65 டாலர் என்று வருடக்கணக்கில் கிடந்தது, பிறகு 3 டாலர், இப்போது 4 டாலர். இது சம்பளம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. வரி கிடையாது, வீட்டு வாடகை உதவி, உணவு உதவி கணக்கிடும்போது இதை வருமானமாகச் சேர்க்கக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. இயக்குநருக்கு அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு தொண்டரின் முழு ஆண்டுச் சேவை என்பது 1,044 மணி நேரம். 3 டாலரில் அது 3,132 டாலர், 4 டாலரில் 4,176. மேலே இருந்து கூடுதல் பணம் வராமல் தொகையை மட்டும் உயர்த்தினால், நாலு பேருக்கு இருந்த காசு மூணு பேருக்குத்தான் வரும், துல்லியமாக அப்படியே வகுபடுகிறது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். அந்த நாலாவது ஆளிடம் போய் ‘உங்களுக்கு இடமில்லை’ என்று சொல்வது யார்? தொகை உயர்வு கேட்கும்போதே நிதி உயர்வும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அந்தச் சங்கம் பிடிவாதமாக நிற்பதன் காரணம் இது.

எங்கள் திட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பில், கடைசி வரிசையில், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருப்பார். ஒரு பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அவர் குறுக்கே பேசவே மாட்டார், விரலை மட்டும் வரிக்குக் கீழே வைத்து மெல்ல நகர்த்துவார். அவன் தடுக்கினால் விரல் நிற்கும், அவன் தாண்டினால் விரலும் தாண்டும். மாத முதல் வாரத்தில் நேரச் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மணிக்கணக்கைத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்தப் பணத்தில்தான் மருந்துக் கடைப் பாக்கி தீருகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். வருமானம் வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குக்குள் இருப்பவருக்குத்தான் அந்தத் தொகை. 2009 சட்டத்துக்கு முன்னால் வரம்பு இன்னும் கீழே இருந்தது, சேரும் வயதும் 60 ஆக இருந்தது.

ஆர்எஸ்விபி குழுவில் இந்தப் பேச்சே இருக்காது. அங்கே ஒருவர் ஓய்வு பெற்ற கணக்காசிரியர், மார்ச் மாதம் முழுக்க ஏழைகளுக்கு வரிப் படிவம் நிரப்பித் தருகிறார், பெட்ரோல் காசு கூட வேண்டாம் என்பார். அங்கே கவலை வேறு. உள்ளூர்ப் பங்கு என்று ஒன்று இருக்கிறது. ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்டில் திட்டச் செலவில் பத்து சதவீதம் நாங்கள் போட்டால் போதும். ஆர்எஸ்விபியில் விதிப்படி முதல் ஆண்டு 10, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டிலிருந்து 30 சதவீதம். அந்த முப்பதைத் திரட்டத்தான் கேக் விற்பனை. அதோடு 2013-இலிருந்து ஆர்எஸ்விபி மானியத்துக்குப் போட்டி வந்துவிட்டது, அதற்கு முன் ஒழுங்காக நடத்தினால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இப்போது பக்கத்து ஊர் அமைப்பு நம் கவுண்டிக்கே விண்ணப்பம் போடலாம். சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசும் ஆளே போட்டியாளர். இதில் ஒரு வேடிக்கை, சங்கத்தின் விண்ணப்பம் எழுதும் பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருக்கும், ஆனால் கேள்வி நேரத்தில் யாரும் தன் தந்திரத்தைச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி இரண்டு வீட்டுக் கவலையும் இரண்டு விதம். எங்கள் ஊரில் சொல்வார்களே, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று.

இது எனக்குப் புரிந்த இடம் வாஷிங்டன். சில வருடம் முன்பு மூன்று திட்டத்துக்காரர்களும் சேர்ந்து ஒரே குழுவாகப் போனோம், ஐந்து பேர். தனித்தனியாகப் போனால் குழப்பம், ஒன்றாகப் போனால் பலம், ஊர் கூடினால்தானே தேர் நகரும் என்று நானும் சேர்ந்து தலையாட்டியவள்தான். லாங்வொர்த் கட்டடத்தில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம். உறுப்பினர் இல்லை, எப்போதும் இருக்க மாட்டார். உதவியாளர் வந்தார், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம், சோபா போதாமல் எங்களில் இருவர் நிற்க, அவர் தன் நாற்காலியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். நாங்கள் நல்ல கதைகளைச் சொன்னோம். பாட்டியின் விரலைப் பற்றிக் கூட நான் சொன்னேன். அவர் கண் கலங்கவில்லையே தவிர முகம் இளகியது தெரிந்தது. பிறகு பேனாவைத் திறந்து கேட்டார்: “எந்த வரிக்கு, எவ்வளவு?”

அங்கே நடைமுறை அப்படி. தொழிலாளர், சுகாதாரம், கல்வித் துறைகளுக்கான ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கு உறுப்பினர் கோரிக்கை அனுப்ப வேண்டுமென்றால் படிவத்தில் எந்தக் கணக்கு, எந்தத் திட்டம், எத்தனை டாலர் என்று நிரப்ப வேண்டும். ‘முதியோர் தொண்டு நல்லது’ என்று எழுத அதில் கட்டம் இல்லை.

எங்களில் மூத்தவர், “மூன்றுக்கும் உயர்த்துங்கள்” என்றார். உதவியாளர் எழுதிக்கொண்டார். “மூன்றும் முடியாது என்று சொல்லிவிட்டால், எது முதலில்?” என்றார் அடுத்து. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரோ ஒருவர், மூன்றும் எங்கள் பிள்ளைகள் மாதிரி என்று சிரித்துச் சமாளித்தார். அவரும் சிரித்தார். பேனாவை மூடிவிட்டார். மூடிய சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதுபோல இருந்தது.

அடுத்த வருடம் ஆர்எஸ்விபிக்காரர்கள் மட்டும் போனோம். ஒரு பக்கத் தாள், ஒரு வரி, ஒரு தொகை, அந்தத் தொகுதியில் எத்தனை ஆர்எஸ்விபி தொண்டர்கள் எந்தெந்த உணவு வங்கியில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். எட்டு நிமிடத்தில் முடிந்தது. உதவியாளர் அந்தத் தாளையே படிவத்தோடு பின் அடித்து வைத்துக்கொண்டார். ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டுமே, கிளம்பும்போது அவர் கேட்டார், “காலையில் இன்னொரு சீனியர் குழு வந்ததே, நீங்கள் அவர்கள்தானே?” இல்லை, அது ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்ட் என்று விளக்கினோம். புரிந்த மாதிரி தலையாட்டினார். புரிந்திருக்காது. தனித்தனியாகப் போவதற்குக் கொடுக்கும் விலை அது, நாள் முழுக்க ஒரே அலுவலகத்தில் ஒரே மாதிரி முகங்கள் வந்து போனால் யாருக்கும் சலிக்கும்.

பழைய ஆட்கள் 2011-ஐப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். நான் சேர்வதற்கு முன்பு. அந்த நிதியாண்டில் ஆர்எஸ்விபி ஒதுக்கீடு 6.3 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ 5 கோடிக்கு இறங்கியது, ஒரே வெட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மற்ற இரண்டு வரியும் கிட்டத்தட்ட அசையவே இல்லை. இந்த ஒரு சம்பவத்தை வைத்தே, சங்கங்களை ஒன்றாக்கச் சொல்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே சங்கம் இருந்திருந்தால் மூன்று திட்டத்து ஆட்களும் கத்தியிருப்பார்கள், வெட்டு இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்பது ஒரு பக்கம். ஒரே சங்கம் இருந்திருந்தால் மூன்றில் இரண்டு தப்பியதே என்று திருப்தியாகி வாயை மூடிக்கொண்டிருக்கும், ஆர்எஸ்விபிக்கென்று ஒரு சங்கம் இருந்ததால்தான் அந்த வரிக்காக அழ ஒரு ஆளாவது இருந்தது என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம். காரணம் லாங்வொர்த் அலுவலகத்தில் அந்தப் பேனா மூடிய அனுபவம்தான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நம் வீட்டில் தீப் பிடித்தால் பங்காளி ஓடிவருவான், நம் வீட்டு ரேஷன் குறைந்தால் ஓடிவருவானா?

தீ என்றால் கதை வேறு. ஒபாமா அரசின் 2015 நிதியாண்டு பட்ஜெட் யோசனையில் மூன்றுமே மாட்டின, ஆர்எஸ்விபியை நிறுத்திவிட்டு மற்ற இரண்டின் பணத்தையும் வேறு வழியில் போட்டிக்கு விடுவதாக இருந்தது. நம் கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்து அடி விழுவதில்லை இந்த ஊரில். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. டிரம்ப் முதல் ஆட்சியில் நிறுவனத்தையே மூடும் யோசனை வந்தது, அதுவும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்ததுதான் உண்மையான நடுக்கம். எங்களுக்குப் பணம் தரும் நிறுவனமான அமெரிகோரின் ஏறத்தாழ 40 கோடி டாலர் மானியங்களை ஒரே மூச்சில் நிறுத்தினார்கள், நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பாலோரை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். போனை எடுக்க அங்கே ஆள் இல்லாத அந்த வாரத்தில் இரண்டு சங்கத்தின் குழுவும் விடிய விடிய ஓடியது. ஒரு தகவல் ஒரு குழுவில் வந்தால் பத்து நிமிடத்தில் இன்னொன்றில் நானே ஒட்டினேன், என்னைப்போல இரண்டு படகில் கால் வைத்தவர்கள் பலர், எல்லாரும் அதையே செய்தார்கள். எங்கள் இரண்டு மானியமும் தப்பின. அந்த வாரத்தில் யாரும் ‘இது உங்கள் வரி, இது எங்கள் வரி’ என்று பேசவில்லை. அதற்குச் சங்கங்களை இணைத்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்னும் பெரிய குடையின் கீழ் போய்விடலாமே என்றும் கேட்பார்கள். அமெரிகோர் முழுமைக்குமான கூட்டணி ஒன்று 2003-இல் வந்த நிதி நெருக்கடியிலிருந்து இருக்கிறது, நல்ல வேலை செய்கிறது. ஆனால் அங்கே பெரிய வீடு இளைஞர் திட்டங்கள், அதன் முதன்மை வரி மட்டுமே 55 கோடி டாலருக்கு மேல், எங்கள் மூன்றும் சேர்ந்தே 24 கோடியைத் தொடாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிய பிறகுதான் நம் பந்தி. குறை சொல்லவில்லை, இயல்பு அது.

இப்போது குறைகள். இரண்டில் எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன், மாநில அளவில் வேறு குட்டிச் சங்கங்களும் உண்டு, யூகித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஒரு சங்கத்தின் இணையப் பயிற்சியில் முதல் இருபது நிமிடம் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்பதிலேயே போனது, பதிவை அனுப்புகிறோம் என்றார்கள், நான் அந்தப் பயிற்சியைக் கேட்காமலேயே விண்ணப்பத்தை முடித்து அனுப்பிவிட்டேன். நிர்வாகிகள் எல்லாரும் என்னைப்போல முழுநேர வேலை பார்த்துக்கொண்டு இரவில் சங்கம் நடத்துகிறவர்கள், அது புரிகிறது, ஆனால் காங்கிரஸில் உறுப்பினர்கள் கூட்டாகக் கையெழுத்துப் போடும் கடிதத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் அதை வியாழன் மாலை சொல்வது என்ன கணக்கு? ஒரே ஆட்கள் பதவி மாற்றி மாற்றி உட்காருவதும் இருக்கிறது. புதிதாக யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், ஆகவே அவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. என்னையே இரண்டு முறை பொருளாளர் பதவிக்குக் கேட்டார்கள், இரண்டு முறையும் பிள்ளையின் நீச்சல் வகுப்பைக் காரணம் சொல்லித் தப்பித்தேன்.

மாநாடு இன்னொரு தலைவலி. இரண்டு சங்கம், இரண்டு மாநாடு, இரண்டு ஊர், இரண்டு விமான டிக்கெட். பின்னணிச் சோதனை, தணிக்கை, காப்பீடு, தொண்டர் சேர்ப்பது என்று பாதிப் பாடம் இரண்டிலும் ஒன்றே. இதைச் சேர்த்து நடத்தினால் யாருடைய தனித்தன்மையும் கரைந்துவிடாது. முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் பொதுவாக, மூன்றாம் நாள் அவரவர் அறையில் அவரவர் வரியைப் பேசட்டும். தனிக்குடித்தனம் போனவர்களும் பொங்கலுக்கு ஒரே வீட்டில்தானே கூடுகிறோம். மாதக் கடிதம், சட்ட ஆலோசகர், கணக்குத் தணிக்கை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். வாஷிங்டன் தேதிகளையாவது பேசி வைத்துக்கொண்டு, ஒரே நாள் ஒரே உதவியாளரிடம் போய் நிற்காமல் இருக்கலாம். இதை எழுதி இரண்டு சங்கத்துக்கும் அனுப்பினேன், ஒருவர் நல்ல யோசனை என்று பதில் போட்டார், மற்றவர் அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். எந்தக் கூட்டம் என்று சொல்லவில்லை.

யார் சேரலாம்? ஒரே திட்டம் நடத்துகிறவர் யோசிக்கவே வேண்டாம், அந்தத் திட்டத்தின் சங்கத்தில் சேருங்கள், எங்களுக்கு ஆண்டுச் சந்தா இரண்டு பேர் விமானத்தில் போகும் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகிறது. இரண்டு திட்டம் நடத்தும் என்னைப் போன்றவர்களுக்குச் சட்டை கொஞ்சம் இறுக்கம். ஒன்றுதான் கட்ட முடியும் என்றால் அந்த வருடம் எந்த வரிக்கு ஆபத்து என்று பார்த்து அதில் சேருங்கள். புது இயக்குநர் என்றால் மாநாட்டை விட்டுவிட்டாலும் மின்னஞ்சல் குழுவை விடாதீர்கள். தொண்டராக இருக்கும் பெரியவர்கள் இதில் சேர வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் தங்கள் உறுப்பினருக்கு எழுதும் ஒரு கடிதம் எங்கள் ஒரு பக்கத் தாளைவிட எடை அதிகம், இதை எல்லாச் சங்கமும் ஒத்துக்கொள்ளும்.

நட்சத்திரம் போடச் சொன்னால், தகவலுக்கு இரண்டு சங்கத்துக்கும் ஐந்துக்கு நான்கரை. வாஷிங்டன் வேலைக்கு ஒன்றுக்கு நான்கு, மற்றதற்கு மூன்றரை. மாநாட்டுக்கு இரண்டு, அதுவும் சாப்பாடு நன்றாக இருந்ததால்.

கணக்கர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இரண்டையும் கட்டிவிடுகிறேன், ஆனால் சந்தாவில் எவ்வளவு பங்கு ஆதரவு திரட்டும் வேலைக்குப் போகிறது என்று எழுத்தில் வேண்டும்” என்றார். அன்றே இரண்டு சங்கத்துக்கும் எழுதினேன். ஒன்று மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது. இன்னொன்றுக்காக மஞ்சள் சீட்டு இன்னும் என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘ஏன் இரண்டு’ என்பதில் ‘ஏன்’ மட்டும் அடிக்கப்பட்டு.